பூதத்துக்கு மூன்று ஞானத் தகப்பன்கள்

பால்பல் ஆடத் தொடங்கிய பிறகும் ஆசிமினாவின் மகனுக்குப் பேர் வைக்கவில்லை. கிரேக்க நாட்டில் கரிதியா பக்கத்து மலைகளில் ஞானஸ்நானம் ஆகாத ஆண்பிள்ளையைப் பூதம் என்றுதான் கூப்பிடுவார்கள். சாதாரணமாக ஒரு வருஷத்துக்குள் பூதத்தைக் கோயிலுக்குத் தூக்கிப் போய், தண்ணீரில் முக்கி, எண்ணெய் பூசி, ஒரு புனிதரின் பேரைச் சூட்டி மனுஷனாக்கிவிடுவார்கள். இவன் ஐந்து வருஷமாகப் பூதமாகவே இருந்தான். பூதம் ஆடு மேய்த்தது, பூதம் மரம் ஏறியது, பூதம் அடுத்த வீட்டு வால்நட்டைத் திருடி அடி வாங்கியது.

"ஊர்ல நாய்க்குக்கூடப் பேர் இருக்கு, ஆசிமினா" என்பார் பாதிரியார் பாப்பா-ஸீசிஸ்.

"நாய்க்கு ஞானத் தகப்பன் தேட வேண்டாமே, சாமி."

"அஞ்சு வருஷமாவா தேடுறே? ராஜகுமாரிக்கு மாப்பிள்ளை தேடினாக்கூட இந்நேரம் பேரன் பொறந்திருப்பான்."

ஆசிமினா கையை முத்தமிட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். தேடவேண்டிய கஷ்டம் அவளுக்கு இல்லை. ஞானத் தகப்பன்கள் அதிகமாகிப் போனதுதான் கஷ்டம்.

எல்லாம் அவள் புருஷன் லாம்ப்ரோஸின் காலால் வந்த வினை. இத்தாலிக்காரனோடு அல்பேனியாவில் சண்டை போடப் போனவன், எதிரியைத் துரத்திவிட்டு, இரண்டு பாதத்திலும் பாதியைப் பனிக்குக் கொடுத்துவிட்டு வந்தான். குச்சி வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து குழாயடி வரை போவான். அதற்கு மேல் போக முடியாது. மற்ற ஆண்கள், கீழே பாதையில் துப்பாக்கிகள் தெரிந்ததும், எந்தக் கட்சித் துப்பாக்கி என்றுகூடப் பார்க்காமல் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். லாம்ப்ரோஸ் வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருப்பான். எவன் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அவன்தான். அந்த வருஷங்களில் கண்ணில் படுவதே பெரிய குற்றமாக இருந்தது.

முதலில் வந்தவர்கள் இத்தாலிக்காரர்கள். நாட்டை ஜெர்மன்காரன் பிடித்தான், பார்த்துக்கொள்ளச் சொல்லி இவர்களிடம் விட்டிருந்தான். சார்ஜென்ட் ஃபௌஸ்தோ என்று ஒருவன். முட்டை, கோழி, துப்பாக்கி என்று மூன்று நான்கு வார்த்தை கிரேக்கம் தெரிந்தவன். மாவுப் பானையில் கையை விட்டவனுக்கு முட்டைக்குப் பதில் தோட்டாக்கள் கிடைத்தன. லாம்ப்ரோஸை எழுப்பிச் சுவரோரம் நிறுத்தினார்கள். நிற்கத்தான் அவனுக்குக் கஷ்டம் என்பதால் ஒரு சிப்பாய் தோளைப் பிடித்துக்கொண்டான்.

ஆசிமினாவின் கையில் குழந்தை, பிறந்து சில வாரம்தான் ஆகிறது. கும்பிட்டுக் கெஞ்ச இரண்டு கையும் வேண்டியிருந்தது. யோசிக்காமல் குழந்தையை அந்த சார்ஜென்ட் கையிலேயே திணித்துவிட்டாள். திணித்தபின் வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நீங்களே தூக்குங்க ஐயா! நீங்கதான் இவனுக்கு ஞானத் தகப்பன். நீங்க எனக்குக் கும்பாரே!"

கும்பாரே என்றால் ஞானஸ்நானத்தில் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவனும் பெற்றவர்களும் ஒருவரையொருவர் அழைக்கும் முறை. கூடப்பிறந்தவனோடு சொத்துக்காக வெட்டிக்கொள்ளலாம், ஊர் இரண்டு நாளில் மறந்துவிடும். கும்பாரே மேல் கை வைத்தவனுக்குச் சாகும்வரை பச்சைத் தண்ணீர் கிடைக்காது. பிள்ளையைத் தூக்கித் தரச் சொல்லிக் கேட்டால் மாட்டேன் என்று சொல்வதும் பாவம். ஃபௌஸ்தோவின் ஊரிலும் இப்படித்தான் போலிருக்கிறது. அவன் முகம் மாறிப்போயிற்று. குழந்தை அவன் சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்தது. தோட்டாக்களைத் தன் பையில் போட்டுக்கொண்டு, இரண்டு கோழியை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மறுவாரம் ஒரு புட்டி ஆலிவ் எண்ணெய் அனுப்பினான். ஞானஸ்நானத்துக்கு எண்ணெய் கொண்டுவருவது ஞானத் தகப்பன் பொறுப்பு. அந்தப் பஞ்சத்தில் ஊரில் வேறு யாரிடமும் ஒரு துளி எண்ணெய் கிடையாது.

"அவன் போப்பாண்டவர் ஆளு. நம்ம ஞானஸ்நானத் தொட்டிகிட்ட அவனை நிறுத்த மாட்டேன்" என்று குதித்தார் பாப்பா-ஸீசிஸ்.

"நிறுத்த வேண்டாம் சாமி. காத்திருக்கட்டும்."

காத்திருக்கட்டும் என்ற அந்த வார்த்தையை அன்று அவள் சும்மா சொன்னாள். பிறகு அதுதான் அவள் பிழைப்பாயிற்று. ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு ஞானத் தகப்பன். ஒருத்தனுக்குக் கொடுத்துவிட்டால் அடுத்தவனுக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. கொடுக்காமல் வைத்திருக்கும்வரை, கேட்டு வருகிறவனெல்லாம் பாதி கும்பாரே. பாதி கும்பாரேயும் சுட மாட்டான்.

இரண்டாவதாக வந்தவர்கள் மலைக்காரர்கள், அந்நியனை எதிர்த்து மலையில் ஒளிந்து சண்டை போட்ட நம்ம பையன்கள், தாடியும் தோட்டா மாலையுமாக. அவர்கள் தலைவனுக்கு இடி என்று பேர். போன வருஷம்வரை பக்கத்துப் பள்ளத்தாக்கில் பாலாடைக்கட்டி போட்டுக்கொண்டிருந்தவன்தான். சராந்திஸ் என்பது அம்மா கூப்பிட்ட பேர். சராந்திஸ் என்று சொன்னால் எவன் பயப்படுவான்? இடி ஊர் நடுவில் வால்நட் மரத்தடியில் மக்கள் நீதிமன்றம் கூட்டினான். முதல் வழக்கு லாம்ப்ரோஸ்.

"தோட்டா கெடைச்சும் இத்தாலிக்காரன் உன்னை விட்டுட்டான். ஏன்?"

"என் பிள்ளை பித்தானை இழுத்தான்" என்றான் லாம்ப்ரோஸ். உண்மையைத்தான் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே நம்பிக்கை வரவில்லை.

தீர்ப்பு எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிட்டது. கயிறு எடுத்துவர ஒருத்தன் எழுந்தான். ஆசிமினா கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், நடக்கப் பழகிக்கொண்டிருந்த பூதத்தை இடியின் மடியில் உட்கார வைத்தாள்.

"கேப்டன், இந்த வீட்டுக்கு ஒரு கும்பாரே இல்லாம ரொம்ப நாளா கஷ்டப்படுறோம்."

"நாங்க கோயிலு, பாதிரியெல்லாம் நம்புறதில்லம்மா."

"நம்ப வேண்டாம். தூக்குனா போதும்."

இடி சுற்றிலும் பார்த்தான். அவன் ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் அம்மா இருந்தாள்.

"நீ கேட்டு நான் மாட்டேன்னு சொன்னேன்னு தெரிஞ்சா எங்கம்மா என்னை வீட்டுக்குள்ளயே விட மாட்டா" என்று முணுமுணுத்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேப்டன் குரலில் சொன்னான்: "விடுதலை வரட்டும். வந்ததும் நானே தூக்குறேன். எலெஃப்தேரியோஸ்னு, விடுதலைப் பேரா வைப்போம்."

மறுநாள் இங்கிலீஷ் விமானம் போட்ட பாராசூட்டிலிருந்து நல்ல பட்டாக ஒரு துண்டு கிழித்து அனுப்பினான், பிள்ளைக்கு ஞானஸ்நானச் சட்டை தைக்க. ஆசிமினா அதை எண்ணெய்ப் புட்டியோடு பெட்டிக்குள் வைத்தாள்.

ஃபௌஸ்தோவை அவள் இன்னும் ஒரு தடவைதான் பார்த்தாள். இத்தாலி தோற்றபின் செருப்பில்லாமல் ரொட்டி பிச்சை கேட்டுக்கொண்டு வந்தான். "பேர் வெச்சாச்சா?" என்று கேட்டான், இதற்குள் கிரேக்கம் நன்றாக வந்திருந்தது. "உங்களுக்காகத்தான் காத்திருக்கோம், கும்பாரே" என்று அரை ரொட்டி கொடுத்தாள். அவன் அழுதான். அவளுக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கோழி ஞாபகம் வந்ததால் முழு ரொட்டி கொடுக்கவில்லை.

விடுதலை வந்தது. வந்த கையோடு கிரேக்கனும் கிரேக்கனும் அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். இடியும் அவன் ஆட்களும் துப்பாக்கியைக் கீழே வை என்றதும் வைத்தார்கள், வைத்தவர்களைப் போலீஸ் பிடித்தது, தப்பியவர்களோடு இடி மறுபடி மலை ஏறினான். ஊருக்குள் போலீஸ் வந்தது. மூன்றாவதாகச் சார்ஜென்ட் லிகூரிஸ். மெழுகு தடவிய மீசை, மூலம் இருந்ததால் எப்போதும் நின்றுகொண்டே பேசுவான்.

"இடி உன்னைத் தூக்குல போடாம விட்டிருக்கான். ஏன்?" என்று லாம்ப்ரோஸிடம் கேட்டான்.

இந்தக் கேள்வி லாம்ப்ரோஸ் காதில் ஏற்கெனவே ஒரு தடவை விழுந்ததுதான். இந்தத் தடவை பதில் சொல்லவில்லை. துப்பாக்கிக் கட்டையால் தோளில் ஒன்று, முதுகில் ஒன்று விழுந்தது. அதற்குள் ஆசிமினா பூதத்தின் முகத்தைத் துடைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இவனைத் தூக்குறேன்னு இடி சொன்னானாமே?" என்றான் லிகூரிஸ்.

"சொன்னான் ஐயா. தூக்கலையே! கடவுள் உங்களுக்காகத்தான் வெச்சிருக்காரு."

லிகூரிஸுக்குப் பிள்ளை இல்லை. மீசையைத் தடவிக்கொண்டு பூதத்தையே பார்த்தான். பூதம் நாக்கை நீட்டிக் காட்டியது. "துடியான பய" என்றான் லிகூரிஸ். ராஜாவின் பேரையே வைப்பதென்று முடிவாயிற்று. ஜியார்ஜியோஸ். அந்த ராஜா செத்து அவர் தம்பி பட்டத்துக்கு வந்ததும், பாவ்லோஸ் என்று திருத்திச் சொல்லி அனுப்பினான். கூடவே ஒரு கட்டி வாசனை சோப்பும், சின்னத் தங்கச் சிலுவையும் வந்தன. சிலுவைச் சங்கிலியின் கொக்கி அறுந்திருந்தது. யார் கழுத்திலிருந்து வந்தது என்று ஆசிமினா கேட்கவில்லை. பெட்டியில் வைத்தாள்.

இப்படியே இன்னும் எத்தனை நாள் ஓட்டியிருப்பாளோ, சொல்ல முடியாது. காய்ச்சலும் விரதமும் அறுவடையும் அவளுக்குச் சாக்குகளாக இருந்தன. ஆனால் அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் லிகூரிஸின் மேலதிகாரி அவனைப் பார்த்து, "இடியும் நீயும் ஒரே பிள்ளைக்கு அப்பனாமே" என்று எல்லோர் முன்னாலும் சிரித்துவிட்டான். மறுநாளே ஆள் வந்தது: வருகிற ஞாயிறு ஞானஸ்நானம். இனிச் சாக்குச் சொன்னால் பிள்ளையின் அப்பன் தீவுச் சிறைக்குப் போவான்.

இரண்டு நாள் கழித்து விறகுவெட்டி ஒருவன் காதோடு சொல்லிவிட்டுப் போனான்: "கேப்டன் சொல்லச் சொன்னாரு. அவருதான் முந்திக்கிட்டவராம். ஞாயித்துக்கிழமை அவர் ஆளுங்க மேட்டுல இருப்பாங்களாம். போலீஸ்காரனுக்குப் பிள்ளையைக் கொடுத்தா, அப்புறம் லாம்ப்ரோஸை யாருன்னே தெரியாதாம்."

ஆசிமினா அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனுக்குக் கொடுத்தால் இவன் கொல்லுவான். இவனுக்குக் கொடுத்தால் அவன் கொல்லுவான். யாருக்கும் கொடுக்காவிட்டால் இரண்டு பேரும் கொல்லுவார்கள். "ஓடத் தெரியாதவனைக் கட்டிக்கிட்டேனே" என்று முனகினாள்.

"கட்டும்போது ஓடிக்கிட்டுதான் இருந்தேன்" என்றான் லாம்ப்ரோஸ்.

வெள்ளிக்கிழமை பூதத்துக்குக் காய்ச்சல் கண்டது. இந்தத் தடவை நிஜக் காய்ச்சல். இரண்டு வீடு தள்ளி அதே காய்ச்சலில் ஒரு குடும்பமே படுத்திருந்தது. ஊரில் யாரும் யார் வாசலையும் மிதிக்கவில்லை. மதியத்துக்குள் பிள்ளைக்குக் கண் மேலே செருகிவிட்டது. பாப்பா-ஸீசிஸ் மட்டும் வந்தார், பார்த்தார், கத்தினார்.

"இப்பவே தண்ணி ஊத்துறேன். பேர் இல்லாம செத்தான்னா கோயில் மதிலுக்கு வெளியேதான் புதைக்கணும், நாய் மாதிரி. தெரியுமில்ல உனக்கு?"

"ஞாயித்துக்கிழமைவரை தாங்குவான் சாமி."

"நீ கடவுளா?"

"தாங்குவான்! இப்ப ஊத்துனீங்கன்னா இவன் அப்பன் போயிடுவான். என்னால ரெண்டு பேர்ல ஒருத்தனைப் பொறுக்க முடியாது சாமி, என்னைக் கேக்காதீங்க!"

சொல்லிவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். எங்கே போவது என்று தெரியாமல் குழாயடியில் போய் நின்று, குடம் கொண்டுவராதது அப்போதுதான் தெரிந்து, ஈரக் கல்லில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். ஐந்து வருஷமாக ஊரையே ஏய்த்தவள் அன்று தன்னை ஏய்த்துக்கொள்ள முடியாமல் அழுதாள். பாதிரியார் தலையில் அடித்துக்கொண்டு எண்ணெய் எடுத்துவரக் கோயிலுக்குப் போனார்.

வீட்டில் லாம்ப்ரோஸும் பிள்ளையும் மட்டும்தான். பாதிரியார் இல்லாத இடத்தில் பிள்ளை சாகக் கிடந்தால், எந்தக் கிறிஸ்தவனும் அதை மூன்று தடவை ஆகாயத்தில் தூக்கிப் பேர் சொல்லலாம், தண்ணீர்கூட வேண்டாம். ஐந்து வயசுப் பிள்ளை, நல்ல கனம். லாம்ப்ரோஸ் குச்சியைப் போட்டுவிட்டு முதுகைத் தூணில் சாய்த்துக்கொண்டான். பிதாவின் பேரால் ஒரு தடவை தூக்கினான். மகனின் பேரால் ஒரு தடவை. பரிசுத்த ஆவிக்கு வரும்போது இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தார்கள். விழுந்த இடத்திலிருந்தே, மல்லாந்து கிடந்து, கையை நீட்டி மூன்றாவது தடவையும் தூக்கினான்.

ஆசிமினா திரும்பி வந்தபோது பிள்ளை அவன் மார்மேல் கிடந்தது.

"தூக்கிட்டேன்" என்றான்.

அவள் அவனை அடித்தாள். மெய்யாகவே அடித்தாள், முக்காட்டு முனையாலும் கையாலும். "பாவி, உன்னை யாருடா தூக்கச் சொன்னது? எல்லாம் போச்சே! அஞ்சு வருஷம் கட்டிக் காத்தது போச்சே! இனி ரெண்டு பேருக்கும் நீ யாரு? என்ன பேரு வெச்சே? சொல்லித் தொலை!"

"அம்மாக்காரிக்கு முன்னாடியே பேர் சொல்ற வழக்கம் இல்ல. ஞாயித்துக்கிழமை கோயில் வாசல்ல நில்லு. எல்லா அம்மாவும் நிக்கிற மாதிரி நில்லு. பசங்க ஓடி வந்து சொல்லுவாங்க."

பாதிரியார் வந்ததும் அவர் காதில் மட்டும் சொன்னான். பாப்பா-ஸீசிஸ் அவனையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?" என்றார். லாம்ப்ரோஸ் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டான். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. இப்போது பிள்ளை கிறிஸ்தவன் என்பதால், மண் உறைவதற்கு முன்னால் மதிலுக்கு உள்ளேயே ஒரு குழி வெட்டி வைக்கச் சொன்னார். வெட்டுகிறவன் யாருக்கு என்று கேட்கவில்லை. காய்ச்சல் வீடு என்றதும் பெரிதாகவே வெட்டிவிட்டான்.

சனிக்கிழமை காலை பூதம் எழுந்து உட்கார்ந்து ரொட்டி கேட்டது. திறந்த குழியைச் சும்மா விட்டால் வேறு யாரையாவது கூப்பிடும் என்று பாதிரியாரே மண்வெட்டி எடுத்து மூடினார். வெறும் மண் மேடு ஒன்று மிஞ்சியது. லாம்ப்ரோஸ் முகச்சவரம் செய்துகொண்டான், வெள்ளைச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டான். எவன் முதலில் வருகிறானோ அவனுக்காக உள்ளே, அடுப்புக்குப் பக்கத்தில், உட்கார்ந்திருந்தான். ஆசிமினா அவனோடு பேசவில்லை. சட்டையை மட்டும் ஒரு தடவை சரியாக இழுத்துவிட்டாள்.

ஞாயிறு காலை லிகூரிஸ் நான்கு போலீஸோடு நேராகக் கோயிலுக்கு வந்தான். மேட்டில் மரங்களுக்கு நடுவே இடியின் ஆட்கள் தெரிந்தும் தெரியாமலும் நின்றார்கள். தொட்டியருகே அண்டை வீட்டுக்காரி ஒருத்தி பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் இத்தாலிக்காரனுடையது, பட்டுச் சட்டை இடியுடையது, சோப்பும் சிலுவையும் லிகூரிஸுடையவை. ஆசிமினா, வழக்கப்படி, வெளியே படிக்கட்டுக்குக் கீழே தனியாக நின்றாள்.

உள்ளே நடந்ததை அவள் பிறகு பாதிரியாரின் மனைவி சொல்லித் தெரிந்துகொண்டாள். லிகூரிஸ் பிள்ளையை வாங்கக் கையை நீட்டினான். பாதிரியார் கையைக் காட்டித் தடுத்தார்.

"இவனை வெள்ளிக்கிழமையே ஆகாயத்துல தூக்கியாச்சு, சார்ஜென்ட். சாகக் கிடந்தான். பேரும் வெச்சாச்சு. இனி எண்ணெய் பூசுறது மட்டும்தான் பாக்கி."

லிகூரிஸின் மீசை துடித்தது. "யார் தூக்குனது? இடியா?"

"தகப்பன்."

"தகப்பனா! எங்கே அவன்? கூப்பிடுங்க. என்னை முட்டாளாக்கிட்டு… என்ன பேரு வெச்சான்?"

பாப்பா-ஸீசிஸ் பிள்ளையின் நெற்றியில் எண்ணெயை வைத்துச் சத்தமாகச் சொன்னார்: "லாம்ப்ரோஸ்."

கோயிலில் இருந்த பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்களாம். அந்த நாட்டில் உயிரோடிருக்கும் அப்பன் தன் பேரை மகனுக்கு வைக்க மாட்டான். அப்பன் இறந்தபின் ஞானஸ்நானம் ஆகும் பிள்ளைக்குத்தான் அப்பன் பேர். வைத்தால் எமனைக் கூப்பிட்டு வாசலைக் காட்டுவதற்குச் சமம். லிகூரிஸ் ஜன்னல் வழியாக மதிலோரம் புதிதாக மூடியிருந்த மண்ணைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான்.

"காய்ச்சலா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வீடு பூரா காய்ச்சல்" என்றார் பாதிரியார். அவர் வாழ்நாளில் பொய் சொல்லாதவர். அன்றும் சொல்லவில்லை.

வெளியே பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பேரை முதலில் சொல்கிறவனுக்கு அம்மாக்காரி வால்நட் கொடுக்க வேண்டும் என்பதால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

"லாம்ப்ரோஸ்! பேரு லாம்ப்ரோஸ்!"

ஆசிமினாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு வெள்ளைச் சட்டை புரிந்தது. சவரம் செய்த முகம் புரிந்தது. எனக்குக் காலில்லை, நான் முடிந்தவன், பேராவது மிஞ்சட்டும் என்று தூணில் சாய்ந்துகொண்டு அந்த மனுஷன் கணக்கை முடித்திருக்கிறான். "ஐயோ, என் ராஜா" என்று ஒரே ஓலமாகப் போட்டுப் படியில் விழுந்தாள். நடிப்பே இல்லை. கையிலிருந்த வால்நட்டுகள் உருண்டோடின, பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டார்கள்.

லிகூரிஸ் படியிறங்கி வந்து அவள் முன்னால் நின்றான். தொப்பி கையில் இருந்தது.

"உங்களுக்காவது ஆயுசு கெட்டியா இருக்கட்டும், தாயி" என்று துக்கம் கேட்டான். "கடைசி மூச்சுல பிள்ளையைத் தூக்கியிருக்கான். நல்லவன். நான் அவனை ரெண்டு அடி அடிச்சதை மன்னிச்சுக்க."

ஆசிமினா நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து வருஷம் வாயால் பிழைத்தவள். அன்று முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டாள்.

எழுந்து, யாரையும் பார்க்காமல், வீட்டுக்குப் போய்க் கதவைத் தாழிட்டாள். லாம்ப்ரோஸ் அடுப்பருகே அதே இடத்தில் இருந்தான்.

"வந்துட்டாங்களா?"

"நீ செத்துட்டே" என்றாள். "எழுந்திரு. கீழே எறங்கு."

"என்னது?"

"ஊரே உனக்குத் துக்கம் கேக்க வருது. காப்பி போடணும். சீக்கிரம் செத்துத் தொலை!"

தரைப் பலகையைத் தூக்கி, ஆடுகள் அடையும் கீழறைக்குள், வைக்கோலுக்குப் பின்னால் அவனை இறக்கினாள். இறங்கும்போது அவன் காதைப் பிடித்துத் திருகி, "இனிமே எனக்குத் தெரியாம சாகப் பாத்தே, நானே கொன்னுடுவேன்" என்றாள். அழுதுகொண்டே சொன்னதால் வார்த்தை சரியாக வரவில்லை. அவனுக்குப் புரிந்தது.

மறுநாள் அந்தியில் இடியும் வந்தான், தனியாக, துப்பாக்கியை வாசலில் சாய்த்துவிட்டு. கறுப்புத் துணி கட்டிய ஆசிமினா வறுத்த கொண்டைக்கடலைக் காப்பி கொடுத்தாள். அவன் உட்கார்ந்த பலகைக்கு நேர் கீழேதான் லாம்ப்ரோஸ் படுத்திருந்தான்.

"உன் பேரு என்னடா?" என்று பிள்ளையிடம் கேட்டான் இடி.

"லாம்ப்ரோஸ்."

இடி காப்பியை வைத்துவிட்டான். "ஒரு தடவை உங்கப்பன் கழுத்துக்குக் கயிறு எடுத்துவரச் சொன்னேன்" என்றான், யாரிடம் என்றில்லாமல். போகும்போது பிள்ளையின் தலையைத் தடவினான். அப்போது அவன் இடி மாதிரியே இல்லை, பாலாடைக்கட்டிக்காரன் சராந்திஸ் மாதிரிதான் இருந்தான்.

பிள்ளையிடமும் அவள் ஊர் நம்பியதையேதான் சொல்லியிருந்தாள்: அப்பா கீழே போயிட்டாரு, மண்ணுக்குள்ள. வேறு வழியில்லை. பிள்ளைகள் வாயில் எதுவும் நிற்காது, அவன் பாதி நாள் போலீஸ் சாவடி வாசலில்தான் விளையாடுகிறான். பேருக்குப் பழகாதவன் முதலில் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். "லாம்ப்ரோ! டேய் லாம்ப்ரோ!" என்று அவள் வாசலில் நின்று கத்துவாள். பிள்ளை வராது. கீழே இருக்கிறவனுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் வந்தேன் என்று வாய்வரை வரும். மண்ணைப் பார்த்துக்கொண்டு விழுங்கிவிடுவான். பிள்ளை ராத்திரி அப்பா வேண்டும் என்று அழுவதையும் கேட்டுக்கொண்டு கிடந்தான். அதைத்தான் தாங்க முடியவில்லை என்று அவளிடம் சொன்னான். தாங்கு என்றாள்.

நாற்பதாம் நாள் படையலுக்குக் கோதுமை இல்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது லிகூரிஸ் ஒரு பை அனுப்பினான். அதே வாரம் விறகுவெட்டி மூலம் இடியும் ஒரு பை அனுப்பினான். ஆசிமினா இரண்டையும் ஒரே பானையில் கொட்டி வேகவைத்தாள். திராட்சையும் வால்நட்டும் மாதுளை முத்தும் கலந்து, இருந்த சர்க்கரையை மேலே தூவிக் கோயிலுக்கு எடுத்துப் போனாள். பாப்பா-ஸீசிஸ் கோதுமையைப் பார்த்து, "லாம்ப்ரோஸ் என்கிற ஊழியனை நினைவுகூரும்" என்று வேண்டினார். எந்த லாம்ப்ரோஸ் என்று கடவுள் விளக்கம் கேட்க மாட்டார் என்று நினைத்தாரோ என்னவோ.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளை தன் பங்குக் கோதுமையைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தது. பலகை இடுக்கில் ஒவ்வொன்றாகப் போட்டது. திராட்சையை மட்டும் முதலில் எடுத்து வாயில் போட்டது. பிறகு என்ன நினைத்ததோ, அடுத்த திராட்சையைக் கீழே போட்டது.

"என்னடா பண்றே?" என்றாள் ஆசிமினா.

"அப்பாவுக்கு. அப்பா கீழதானே இருக்காரு."

அவள் எட்டி வாசல் பக்கம் பார்த்தாள். "போதும் எழுந்திரு."

பிள்ளை பலகையில் காதை வைத்தது. "மெல்ற சத்தம் கேக்குதும்மா."

"எலிடா."

"ஆமா" என்றது பிள்ளை, தலையைத் தூக்காமலே. "அன்னிக்கு சார்ஜென்ட் மாமா வந்து நின்னப்ப கீழே இருமல் சத்தம் கேட்டுச்சு, நீ தண்ணிக்குப் போயிருந்தே. என்னடா அதுன்னாரு. நானும் எலின்னுதான் சொன்னேன். எலி இருமுமான்னு கேட்டாரு. எங்க வீடு பூரா காய்ச்சல்னேன்."

கீழே மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. பிள்ளை கையில் மீதியிருந்த கோதுமையை இடுக்கில் தள்ளிவிட்டு, பலகைக்கு வாயை வைத்து, மெதுவாகச் சொன்னது:

"அழாதீங்கப்பா. எலி அழாது."